விமானம் ஏறும் முன் மதுரையில் முடிக்க வேண்டியவை

(வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆனையூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்த நாடு நல்ல நாடு, எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. அதற்கு ஆயிரம் யூடியூப் சேனல் இருக்கு. நான் பேசப் போவது உங்க காகிதங்களைப் பற்றி. இங்கே அரை நாளில் முடிகிற வேலை, நீங்க டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அசல் சான்றிதழ் வேணும், நேரில் கையெழுத்து வேணும், ஓ.டி.பி. வேணும் என்பாங்க. மூன்றும் மதுரையில் இருக்கும், நீங்க அங்கே இருப்பீங்க.

முதலில் பெயர். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கு, அது இனிஷியல். ஒரு உதாரணம் சொல்றேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'செ. கார்த்திகா'. ஆதாரில் 'கார்த்திகா செ'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போடக்கூடாது, அப்பா பெயரை விரித்து எழுதணும் என்பதால் அதில் 'கார்த்திகா செல்வம்'. நமக்கு மூன்றும் ஒரே பொண்ணுதான். அங்கே இருக்கிற சேர்க்கை அலுவலருக்கு மூன்று பேர். சரி, அப்பா பெயரே வேண்டாம் என்று 'கார்த்திகா' மட்டும் போட்டால்? அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்துவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடிப்பாங்க. முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் வங்கியிலும் கல்லூரியிலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்றே அறிவித்தது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் பாஸ்போர்ட். அதில் இருக்கிற எழுத்து அப்படியே ஆதாரில், வங்கிக் கணக்கில். அதன் பிறகுதான் ஐ.இ.எல்.டி.எஸ். மாதிரியான தேர்வுக்குப் பதிவு. தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவாங்க. மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருப்பதை மாற்றப் பெரும்பாலும் அவசியம் வராது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்க. ஆனால் எழுத்தே தப்பாக இருந்தால், பிறந்த தேதி தப்பாக இருந்தால், அதைத் திருத்தாமல் ஏறாதீங்க.

தென் மாவட்டங்களுக்கான மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் மதுரையிலேயே இருக்கு. எம்பாஸ்போர்ட் சேவா செயலியில் நீங்களே விண்ணப்பிக்கலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் 2,000 கூடுதல். கூகுளில் தேடி முதலில் வருகிற தளத்தில் பணம் கட்டிவிடாதீங்க, அரசுத் தளம் மாதிரியே போலிகள் உண்டு. சின்ன வயசில் எடுத்த பாஸ்போர்ட் கையில் இருக்கிறவங்க காலாவதித் தேதியை இன்றைக்கே பாருங்க. கனடாவில் படிப்பு அனுமதியைப் பாஸ்போர்ட் காலாவதிக்கு மேல் தர மாட்டாங்க. நாலு வருஷப் படிப்புக்குப் போய், இரண்டாம் வருஷம் அனுமதியைப் புதுப்பிக்க ஓட வேண்டி வரும்.

ஆனையூர்க்காரங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம்ம ஊர் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. சில வீடுகளில் பழைய காகிதத்தில் ஆனையூர் நகராட்சி, புதுக் காகிதத்தில் மதுரை மாநகராட்சி, வார்டு எண் வேறு. போலீஸ் விசாரணைக்கு வருகிறவருக்கு வீடு தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதாரில் இருக்கிற முகவரியும் விண்ணப்பத்தில் எழுதுகிற முகவரியும் கதவு எண் வரைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்து, அம்மாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: சான்றிதழை லேமினேஷன் செய்யாதீங்க. பத்திரமாக இருக்கணும் என்கிற பாசம்தான், புரியுது. ஆனால் பல நாடுகளுக்குச் சான்றிதழில் 'அபோஸ்டில்' முத்திரை வேணும். இந்தியா 2005 முதல் இந்த உடன்படிக்கையில் இருக்கு. மாநில அளவில் சரிபார்த்த பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்கும். பிளாஸ்டிக் மேல் எதை ஒட்ட, எங்கே முத்திரை குத்த? எல்லா நாட்டுக்கும் ஒரே முறை கிடையாது. ஜெர்மனிக்கு ஏ.பி.எஸ். என்று தனிச் சான்று. உங்க கல்லூரி என்ன கேட்கிறது என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிட்டே செலவு செய்யுங்க.

இப்போது ஏஜெண்ட் விஷயம். 2023-இல் கனடாவில் நடந்தது செய்தியில் பார்த்திருப்பீங்க. பஞ்சாபிலிருந்து போன மாணவர்கள் பலர், படிப்பெல்லாம் முடித்து நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் தங்கள் சேர்க்கைக் கடிதமே போலி என்று தெரிந்தது. நாடு கடத்தும் நிலை. கடிதம் கொடுத்தது ஏஜெண்ட், மாட்டிக்கொண்டது பிள்ளைகள். அதன் பிறகு அதே வருஷம் டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்கிறது கனடா. அதற்காக நாம் சும்மா இருக்க முடியுமா? விண்ணப்பத்தில் உங்க சொந்த மின்னஞ்சல், உங்க சொந்த செல் நம்பர் இருக்கணும். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கணும். கட்டணம் கல்லூரிக் கணக்குக்கே போகணும். "தம்பி, அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்கிற இடத்தில்தான் கேள்வி கேட்கணும்.

மருத்துவம் படிக்கப் போகிறவங்க 2021 நவம்பர் விதிகளை ஒரு தடவை படிச்சிருங்க. படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி. இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே திரும்பி வந்து டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. நீட் தகுதியும் கட்டாயம்.

செல்போனுக்கு வருவோம். கிளம்பும் வாரத்தில் பலர் செய்கிற காரியம், "இந்த சிம் எதுக்கு" என்று அப்படியே விட்டுவிடுவது. ஆதார், டிஜிலாக்கர், வங்கி, கல்விக் கடன் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் இல்லாமல் ரொம்ப நாள் கிடந்தால் எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். குறைந்த கட்டணத் திட்டத்தில் உயிரோடு வைத்திருங்க, ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டுப் போங்க. ஆதாரில் அப்பா எண் இருக்கிறதா, பழைய எண் இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்க. அப்படியே வங்கியிலும் சொல்லுங்க. படிக்கப் போகிறவரையும் ரிசர்வ் வங்கி வெளிநாடு வாழ் இந்தியராகத்தான் கணக்கில் எடுக்கும். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றணும்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதை வீட்டில் பாட்டி பார்த்துக்கொள்வாங்க. ஒன்றே ஒன்று: கசகசா வேண்டாம். நமக்குக் குருமாவுக்கு அரைக்கிற சாமான். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடை செய்த பொருள். துபாயில் விமானம் மாறுகிறவங்களும் கவனிங்க. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவங்க ஊறுகாய், நெய், விதை எது இருந்தாலும் படிவத்தில் 'ஆம்' என்று எழுதிக் காட்டுங்க; மறைத்தால் அபராதம். மாத்திரைக்கு டாக்டர் சீட்டு, பவர் பேங்க் கைப்பையில்.

கடைசியாக, பதிவு. 2022 பிப்ரவரி 24-இல் உக்ரைனில் போர் தொடங்கியது. அதற்கு முந்தைய மாதமே கீவ் நகர இந்தியத் தூதரகம், மாணவர்கள் தங்கள் விவரத்தைப் பதிவு செய்யும்படி கேட்டிருந்தது. எந்த ஊரில் யார் இருக்கிறாங்க என்று தெரிந்தால்தானே தேட முடியும்? வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் மாணவர் பதிவு இருக்கு. நம்ம மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிலும் பதிவு செய்யலாம். அதன் உதவி எண் 1800 309 3793. இது இந்தியாவுக்குள் கட்டணமில்லா எண் என்பதால், பிள்ளை போனில் மட்டும் இருந்தால் போதாது, அம்மா அப்பா போனிலும் இருக்கணும். அழைக்கப் போவது பெரும்பாலும் அவங்கதான்.

இத்தோடு நிறுத்திக்கிறேன். சந்தேகம் இருக்கிறவங்க பாஸ்போர்ட், பத்தாவது மார்க் ஷீட், ஆதார் மூன்றையும் எடுத்துக்கிட்டு முன்னால வாங்க, பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சேர்ந்தே பார்ப்போம்.