கீச்சிடும் எஞ்சின் கூறுவது யாது?



மோட்டார் வண்டியின் முன்மூடிக்குள்ளிருந்து எழும் ஓசைகள் பலவகைப்படும். தட்டும் ஓசை, உறுமும் ஓசை, சீறும் ஓசை, கீச்சிடும் ஓசை என அவற்றைப் பிரித்துக் கூறலாம். இவற்றுள் இறுதியிற் கூறிய கீச்சொலி மெல்லியது. உச்ச சுருதியில் இடையறாது ஒலிப்பது. அது கேட்கும்போதும் வண்டி வழக்கம்போல ஓடும். ஆதலால், பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துவோருட் சிலரோ கராஜுக்குச் சென்று, ஆராயாமலே ஏதேனும் ஓர் உறுப்பை மாற்றிவிடுகின்றனர். இவ்விரண்டும் தக்க வழியல்ல. அவ்வோசை எதனைப் பின்பற்றி ஏறி இறங்குகின்றது என்று கவனித்தால், பழுதுள்ள இடத்தைப் பெரும்பாலும் நாமே அணுகிவிடலாம். அம்முறையினையே இன்று விளக்க விரும்புகின்றேன்.

கீச்சொலி பிறப்பது எவ்வாறு? எஞ்சினின் முன்புறத்தில் இறப்பர் வார் ஒன்று ஓடுகின்றது. இதனைப் பேச்சு வழக்கில் பெல்ற் என்போம். மின்சாரத்தைப் பிறப்பிக்கும் அல்ரனேற்றர், குளிரூட்டியின் கொம்பிறசர், பல வண்டிகளில் நீர்ப்பம்பி, சிலவற்றில் சுக்கானைத் திருப்ப உதவும் எண்ணெய்ப்பம்பி ஆகியவற்றை இவ்வாரே சுழற்றுகின்றது. இவை ஒவ்வொன்றும் பெயாரிங் எனப்படும் குண்டுத் தாங்கிகளின்மேற் சுழல்வன. தாங்கியினுள் இருக்கும் கிறீஸ் உலர்ந்துவிட்டால், உருக்குக் குண்டுகள் ஓடும் பாதையில் நுண்ணிய குழிகள் தோன்றும். குண்டுகள் அக்குழிகளைக் கடக்கும்போதெல்லாம் மோதுகின்றன. ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான மோதல்கள் நிகழும்போது, அவை ஒன்றுசேர்ந்து ஒரே தொனியாய்ச் செவியில் விழுகின்றன. வேகம் கூடச் சுருதியும் உயரும். அல்ரனேற்றர் எஞ்சினைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு வேகமாய்ச் சுழல்வதால், அதன் குரல் குறிப்பாக உயர்ந்து ஒலிக்கும்.

இதனைக் கவனியாது விட்டால் நேர்வது என்ன? தேய்ந்த தாங்கி ஒருநாள் இறுகி நின்றுவிடலாம். அப்போது வார் வழுக்கிச் சூடேறி அறுந்துபோகும். ஒரே வார் பல உறுப்புகளை இயக்கும் வண்டியில், அவை யாவும் ஒருங்கே நின்றுவிடும். நீர்ப்பம்பி நின்றால் எஞ்சின் கொதிக்கும். கடுகண்ணாவை ஏற்றத்தில் இது நிகழ்ந்தால், சில நிமிடங்களிலேயே சிலிண்டர்த் தலை வெப்பத்தால் வளைந்துவிடக்கூடும். மின்னாக்கம் நின்றாலோ, விளக்குகள் பற்றரியில் எஞ்சியுள்ள மின்சாரம் தீரும்வரையே எரியும். வவுனியாவுக்கு வடக்கே, இருள் சூழ்ந்த நெடுஞ்சாலையில், குழந்தைகளுடன் செல்லும் குடும்பத்துக்கு அது எத்தகைய இடர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சிறியதொரு தாங்கியை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் இவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

இனி, சோதனைகளுக்கு வருவோம். முதலாவதாக, வண்டியிலுள்ள வானொலிப் பெட்டியை நிறுத்துங்கள். வானொலியில் பேசுபவரே இவ்வாறு கூறலாமா என்று எண்ண வேண்டாம். அல்ரனேற்றரின் மின்னோட்டத்தில் உள்ள சிற்றலைகள் சில வேளைகளில் ஒலிபெருக்கிக்குள் புகுந்து, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலியாய் வெளிவரும். பெட்டியை நிறுத்தியதும் ஓசை மறைந்தால், பழுது மின்னிணைப்பிலோ அல்ரனேற்றரின் டயோட்டிலோ இருக்கலாம்.

இரண்டாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்து, கியரை நீக்கி, எஞ்சினை மட்டும் மெல்ல வேகப்படுத்துங்கள். சுருதி உடன் உயருமாயின், குற்றம் எஞ்சினிலோ அதனாற் சுழல்வனவற்றிலோ உள்ளது. வண்டி ஓடும்போது மாத்திரம் ஓசை கேட்குமாயின், கியர்ப்பெட்டியையும் சக்கரங்களையும் ஆராய வேண்டும்.

மூன்றாவதாக, உறுப்புகளுக்கு ஒவ்வொன்றாய்ச் சுமை கொடுத்துப் பாருங்கள். முன்விளக்குகளையும் காற்றாடியையும் இயக்கும்போது ஓசை வலுத்தால், அல்ரனேற்றரை ஐயுறலாம். அப்போது பற்றரியின் முனைகளில் வோல்ற்றுமானியை வைத்துப் பார்த்தால், நல்ல நிலையிலுள்ள வண்டிகளிற் பெரும்பாலானவை 13.5 முதல் 14.5 வோல்ற்று வரை காட்டும். சுக்கானைத் திருப்பும்போது ஓசை முனகலாய் எழுந்தால், அதன் எண்ணெய் குறைந்துள்ளதா, நுரைத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். குளிரூட்டியை இயக்கும்போது ஓசை தோன்றி, நிறுத்தும்போது மறைந்தால், முதலில் ஐயுறவேண்டியது கொம்பிறசரையே.

வாரே ஓசையிடுவதும் உண்டு. காலையில் எஞ்சினை இயக்கியதும் கிறீச்சிட்டுச் சிறிது நேரத்தில் அடங்குவது பெரும்பாலும் வாரின் ஓசையே. அதன் வரியுள்ள பக்கத்திற் சிறிதளவு நீரைத் தெளித்தால், விடை கிடைக்கும். ஓசை சில விநாடிகள் அடங்கி மீண்டும் எழுந்தால், சில்லுகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பது பொருள். நீர் பட்டதும் ஓசை மிகுந்தால், வார் தளர்ந்து வழுக்குகின்றது என்பது பொருள். தாங்கியின் ஓசை நீரினால் மாறுவதில்லை.

சுழலும் உறுப்பெதுவும் காரணமாகாத கீச்சொலி ஒன்றும் உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் உள்ள இறப்பர்க் குழாய் வெடித்திருந்தால், அவ்வெடிப்பினூடாகக் காற்று புகுந்து புல்லாங்குழல்போல் ஒலிக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இவ்வோசை மிகுந்தும், அக்சிலேற்றரை மிதிக்கும்போது குறைந்தும் கேட்கும். தாங்கியின் குரலுக்கு இது நேர்மாறானது.

ஓசை எழும் உறுப்பை இன்னும் துல்லியமாய் அறிய, மெக்கானிக் நீண்ட திருகாணி முடுக்கியின் முனையைச் சுழலாத உறைப்பகுதியில் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பார். தேவையாயின் வாரைக் கழற்றி, எஞ்சினை அரை நிமிடம் மட்டும் இயக்கிப் பார்ப்பார். ஓசை நின்றுவிட்டால், வாரினாற் சுழன்ற சில்லுகளைக் கையாற் சுழற்றி, எது கரகரக்கின்றது என்று கண்டுகொள்வார்.

இவற்றைச் செய்யும்போது எச்சரிக்கை மிக அவசியம். ஓடும் வாரின் அருகே சேலைத் தலைப்பு, சால்வை, கூந்தல், விரல் எதுவும் செல்லலாகாது. எஞ்சின் நின்றிருந்தாலும் மின்விசிறி தானே சுழலத் தொடங்கலாம். சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறத்தல் கூடாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை இயக்குவது உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

வண்டியின் வகையையும் கருதல் வேண்டும். 1956ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 வண்டியில் அல்ரனேற்றருக்குப் பதிலாக டைனமோ உண்டு. அதன் பின்முனையிலுள்ள துளையிற் காலந்தோறும் சில துளி எண்ணெய் விடுதல் வேண்டும். இக்கால அல்ரனேற்றரின் தாங்கிகள் மூடப்பட்டவை. அவற்றுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றவே வேண்டும். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பிறியஸ் வண்டியிலோ இத்தகைய வாரே இல்லை. ஹைபிறிட் வண்டிகள் வேகம் குறையும்போது எழுப்பும் மெல்லிய கீச்சொலி, மின்மோட்டார் பற்றரிக்கு மின்சாரம் ஊட்டுவதன் இயல்பான ஓசையாகும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அவ்வண்டிகளிற் செம்மஞ்சள் நிறக் கம்பிகளை எவரும் தொடலாகாது. அவற்றில் உயர் மின்னழுத்தம் உண்டு.

ஆகவே நேயர்களே, புதிதாய் ஒரு கீச்சொலி கேட்டால், அது எப்போது எழுகின்றது, எதனோடு உயர்கின்றது, எதனால் அடங்குகின்றது என்னும் மூன்றையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். கராஜுக்குச் செல்லும்போது அத்தாளையும் உடன் கொண்டுசெல்லுங்கள். மெக்கானிக்கின் நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும். நெடும்பயணம் புறப்படுவதாயிருந்தால், அச்சோதனை முடிந்த பின்னரே புறப்படுங்கள்.