நாறும் காவலன்

பெரார்கஞ்சில் மழைக்காலமென்றால் சன்னலைச் சாத்திக்கொண்டே சமைக்கிறோம். அவ்வேளையில் அழுகிய முட்டைக்கோசின் நாற்றம் எழுந்தால், எலி செத்திருக்குமென்று நாம் வாளா இருத்தலாகாது.

சமையல் வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலப்பதனாலேயே அது நாறுகிறது. ‘பாதரசத்தைப் பற்றுவது’ என்பதே மெர்காப்டனின் பொருள். மொழிபெயர்ப்போர்க்கு இஃதோர் விருந்து! நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கிருப்பினும் மூக்கு அறியும். 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமூட்டாத வாயு கசிந்து வெடிக்க, ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். அதன்பின்னரே அம்மாநிலத்தில் மணமூட்டல் சட்டமாயிற்று.

ஆயினும் மூக்கு விரைவில் மரத்துவிடும். வாயுவோ தரையோடு படியும். ஆகவே, மின்விசையைத் தொடாது ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்து வெளியேறி, 1906ஐ அழைப்போமாக.