தீர்மான நோட்டும் பின் நம்பரும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் ஆற்றிய உரை)



எவ்வளவு கடன் வாங்கினோம், எவ்வளவு திருப்பிக் கட்டினோம் என்று முன்னால் பேசியவங்க பெருமையா சொன்னாங்க. நான் அந்தப் பணம் போய் வருகிற வழியைப் பற்றி மட்டும் பேசப் போறேன்.

தமிழ்நாட்டில் மகளிர் குழு ஏற்பாடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. அப்போ குழுவில் சேர்ந்த பலருக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பத்திரமா வைக்கத் தெரிந்திருந்தது. சந்தாவை எல்லோர் எதிரிலும் எண்ணினோம். வரவு செலவைச் சத்தமா வாசித்தோம். தீர்மானம் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் வங்கியில் பணம் எடுக்க முடியும். யார் மேலேயும் சந்தேகப்பட்டு வைத்த ஏற்பாடு இல்லைங்க இது. நல்ல மனுஷியும் தடுமாறும் நாள் உண்டு என்று தெரிந்து வைத்தது.

இப்போ என்ன நடக்குது? தவணைப் பணத்தைப் பாதிப் பேர் ஊக்குநரின் ஜிபேக்கு அனுப்பிடறோம். அவங்க மொத்தமா சேர்த்து வங்கியில் கட்டறாங்க. குழுக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து இருக்கு. ஆனால் அங்கே போய்ச் சேரும் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் பணம் ஒருத்தர் சொந்தக் கணக்கில், ஒரே பின் நம்பருக்குள் கிடக்கு. அந்த போனும் பல வீட்டில் பொது போன். பையன் கேம் விளையாடுவதும் அதில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்றேன். பேர் ஊர் வேண்டாம். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருத்தன், "உங்க குழுக் கடனுக்கு மானியம் வந்திருக்கு, நம்பரைச் சொல்லுங்க" என்றான். அந்த அம்மா சொல்லிட்டாங்க. எல்லோரும் அனுப்பி வைத்திருந்த தவணை மொத்தமும் போச்சு. பணம் போனதைவிடப் பெரிய கஷ்டம் அதுக்கப்புறம்தான். குழு என்ன சொல்லுமோ, வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று நாலு நாள் யாரிடமும் வாய் திறக்கலை. தடுத்து நிறுத்தக்கூடிய நேரம் அந்த நாலு நாளில் போயிடுச்சு. கடைசியில் குழுவே அவங்களைத் திருடி மாதிரிப் பார்த்தது.

"ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீங்க" என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்றாங்க. அப்புறமும் ஏன் ஏமாறுகிறோம்? நமக்கு அறிவு இல்லையா? இல்லைங்க. இ-சேவை மையத்தில் ஓ.டி.பி. கேட்கறாங்க. உதவித்தொகைக்கு மனு போட்டாலும் கேட்கறாங்க. அதுவும் "இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்று அவசரப்படுத்திக் கேட்கறாங்க. நிஜமான வேலைக்கும் கேட்டு, திருடனும் கேட்டால், நாம எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வரும் குறுஞ்செய்தியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கு.

அதனால் நான் ஒரு சின்ன வழி சொல்றேன். நாம தேடிப் போனது வேற, நம்மைத் தேடி வந்தது வேற. நாம போய் உட்கார்ந்திருக்கும் இடத்தில், நாம கேட்ட வேலைக்கு வரும் எண் என்றால், எதுக்கு என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். போனில் அவனாகக் கூப்பிட்டுக் கேட்டால், கலெக்டர் ஆபீஸ் என்றாலும் சரி, வங்கி என்றாலும் சரி, கொடுக்கக் கூடாது. பின் நம்பரை மட்டும் எங்கேயும் யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் நம்ம பணம் வெளியே போகப் போகுது என்று அர்த்தம்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் கணினி வழியாக உள்ளே புகுந்தவங்க, ஏறக்குறைய 20 லட்சம் டாலரை மூன்று தடவையாக வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரசீது அச்சாகக் கூடாது என்று பிரிண்டரையே முடக்கி வைத்திருந்தாங்க. வழக்கமான கணக்குச் சரிபார்ப்பில்தான் அது தெரிந்தது. உடனே தகவல் போனதால் 5 லட்சம் டாலர் போய்ச் சேராமல் நின்றது. இரண்டு வருஷம் முன்னால், 2016-இல், வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் போனபோதும் இப்படித்தான் பிரிண்டர் ஓடவில்லை. அது வார விடுமுறை நேரம், வாசித்துப் பார்க்க ஆள் குறைவு. பெரிய பெரிய கணினி வைத்திருக்கும் இடத்திலேயே கடைசியில் காப்பாற்றுவது கணக்கைத் தினமும் ஒத்துப் பார்க்கும் பழக்கம்தான். அந்தப் பழக்கம் நம்மகிட்ட முதல் நாளிலிருந்தே இருக்கு. போன் வந்ததும் அதைக் கைவிட்டுட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே நான்கு தீர்மானங்களை இந்த மன்றத்தில் வைக்கிறேன்.

முதலாவது, தவணையை நேராகக் குழுக் கணக்கில் போடுவோம், அல்லது கூட்டத்தில் கையில் கொடுத்து எண்ணுவோம். தப்பித்தவறி ஒருத்தர் போனுக்கு வந்தால் மறுநாளைக்குள் வங்கியில் கட்டிவிடணும்.

இரண்டாவது, ஊக்குநரோ பிரதிநிதியோ மாறினால், அதே தீர்மானத்தில் வங்கியில் கொடுத்திருக்கும் போன் நம்பரையும் மாற்றணும். பழைய ஊக்குநர் போனுக்கே இன்னும் ஓ.டி.பி. போகும் குழுக்கள் இருக்கு.

மூன்றாவது, மாதம் ஒருமுறை இரண்டு பேர் போய்ப் பாஸ்புக்கில் வரவு போட்டு வந்து, கூட்டத்தில் சத்தமா வாசிக்கணும். இரண்டு பேரும் மாதா மாதம் மாறணும்.

நான்காவது, பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யணும். 24 மணி நேரமும் எடுப்பாங்க. அடுத்ததாக வங்கிக்குச் சொல்லணும். திட்டுவதெல்லாம் அப்புறம். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையைப் பாருங்க. நம்ம தப்பும் வங்கி தப்பும் இல்லாமல் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே நம்பரைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குச் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம்ம காசு.

இந்த நாலுக்கும் புது போன் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஏமாந்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டோம் என்ற ஒரு உறுதி மட்டும் குழுவுக்குள் வேண்டும். அது இருந்தால்தான் அடுத்தவள் உடனே வாய் திறப்பாள். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இவற்றைத் தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுக்கக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.