செல்லின் திணறல்



அறிவியலைத் தமிழில் பேச வேண்டும் என்று விரும்பிய ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்த சொற்பொழிவு இது. அதனால் முதலில் ஒரு சொல்லைத் தேட வேண்டியிருந்தது. இன்றைய பொருளை ‘எண்டோபிளாச வலைப்பின்னல் அழுத்தம்’ என்று பாடநூல் நடையில் சொல்லலாம். அழுத்தம் என்றதும் ரத்தக் கொதிப்பும் மனக்கவலையும்தான் நம் நினைவுக்கு வரும். செல்லுக்குள் நடப்பது வேறு. செய்து முடிக்க முடியாத அளவு வேலை வந்து குவிய, அது மூச்சு முட்டி நிற்கிறது. இதற்குத் திணறல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கணையத்தின் பீட்டா செல்லைப் பாருங்கள். இன்சுலின் அங்கே 110 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாக உருவாகிறது. உருவாகும்போதே, புரதங்கள் மடிந்து வடிவம் பெறும் இடமான எண்டோபிளாச வலைப்பின்னலின் உள்ளறைக்குள் நுழைகிறது. வழிகாட்டி வந்த முதல் 24 அமிலங்கள் வெட்டப்பட்டதும் மிச்சம் 86. அந்தச் சங்கிலியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இடங்களில் உண்டு. எது எதோடு சேர வேண்டுமோ அதோடு சேர்ந்து மூன்று கந்தகப் பாலங்கள் அமைந்தால்தான் இன்சுலின். ஜோடி மாறினால் வெறும் சிக்கு. சர்க்கரை ஏறும் நேரத்தில் ஒரு பீட்டா செல் நிமிடத்துக்குச் சுமார் பத்து லட்சம் சங்கிலிகளை உருவாக்கக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனையும் சரியாக மடிந்தாக வேண்டும்.

மடிப்பைப் பற்றிப் பேசும்போது ஜி.என். ராமச்சந்திரனைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்பதைக் காட்டும் வரைபடத்தை, ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை அது. இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டவர்கள் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

இனி திணறலுக்கு வருவோம். கல்யாணப் பந்தியில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் கூடிவிட்டால் அனுபவசாலியான சமையல்காரர் என்ன செய்வார்? அடுத்த பந்திக்கு இலை போடுவதை நிறுத்தச் சொல்வார். பரிமாற இன்னும் ஆட்களை அழைப்பார். சாப்பிட்ட இலைகளை உடனே எடுக்கச் சொல்வார். செல்லும் இந்த மூன்றையும் செய்கிறது. புதிய புரதங்கள் உருவாவதைக் குறைக்கிறது. மடிக்க உதவும் துணைப்புரதங்களைப் பெருக்குகிறது. மடியாதவற்றை வெளியே இழுத்துச் சிதைக்கிறது. இவ்வளவு செய்தும் திணறல் நீடித்தால், நான்காவதாக ஒன்றையும் செய்கிறது: தன்னையே அழித்துக்கொள்கிறது.

உள்ளறையில் சிக்கல் என்ற செய்தி செல்லின் உட்கருவுக்கு எப்படிப் போகிறது? 1988இல் அமெரிக்காவின் டல்லாஸில், மேரி-ஜேன் கெத்திங், ஜோசப் சாம்புரூக் குழுவினர், மடியத் தவறும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் புரதம் ஒன்றைக் குரங்குச் செல்களில் உருவாக்கினார்கள். உடனே துணைப்புரதங்கள் பெருகின. செய்தி போகிறது என்பது உறுதியாயிற்று. கொண்டுபோவது யார் என்ற கேள்வியை கசுடோஷி மோரி டல்லாஸில் அதே ஆய்வுக்கூடத்திலும், பீட்டர் வால்டர் சான் பிரான்சிஸ்கோவிலும் தனித்தனியே எடுத்துக்கொண்டார்கள். இருவரும் நாடியது ரொட்டி சுடப் பயன்படும் ஈஸ்ட்டை. 1993இல் இருவருக்கும் கிடைத்த விடை ஒன்றே: ஐஆர்இ1 என்ற புரதம். அது பணிபுரியும் விதம் யாரும் எதிர்பாராதது. உட்கருவுக்கு ஓடுவதில்லை, இருந்த இடத்திலேயே ஓர் ஆர்.என்.ஏ. இழையின் நடுவில் 252 எழுத்துகளை வெட்டி எடுக்கிறது. அதன்பிறகே அந்த இழையிலிருந்து, மரபணுக்களை எழுப்பிவிடும் புரதம் போதிய அளவு உருவாகிறது. மனிதச் செல்லில் வெட்டப்படுபவை 26 எழுத்துகள். மோரிக்கும் வால்டருக்கும் 2014இல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஈஸ்ட் ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

மனிதச் செல்லில் இன்னும் இரண்டு காவலர்கள் உண்டு: ஏடிஎஃப்6, பெர்க். பந்தியை நிறுத்தி வைப்பது பெர்க்கின் பொறுப்பு. வோல்காட்–ராலிசன் நோய்க்குக் காரணம் பெர்க் மரபணுவின் பழுது என்று 2000இல் தெரியவந்தது. அந்த நோயுள்ள குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. பிற்பாடு எலும்பும் கல்லீரலும் பாதிக்கப்படுகின்றன. இன்சுலின் மரபணுவில் எந்தக் குறையும் இல்லை. வேலையை நிறுத்தி வைக்கத் தெரியாமல் பீட்டா செல்கள் இறக்கின்றன.

ஜப்பானின் அகிதாவில் கண்டறியப்பட்ட சுண்டெலி இதை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அதன் இன்சுலின் மரபணுப் படிகளில் ஒன்றே ஒன்றில், ஒரு சிஸ்டீனுக்குப் பதிலாக டைரோசின். மற்றப் படிகள் நல்லவை. ஆனாலும் மடியாமல் தேங்கும் அந்த ஒரு படியின் சரக்கு முழுச் செல்லையும் திணறடித்து, எலிக்குச் சர்க்கரை நோய் வருகிறது. நம்மிடையே பரவலாக உள்ள இரண்டாம் வகைச் சர்க்கரை நோயிலும், இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காததால் பீட்டா செல்லின் மீது சுமை கூடுகிறது. உடல் பருத்த எலிகளின் கல்லீரலிலும் கொழுப்பிலும் இதே திணறல் இருப்பதை ஹார்வர்டில் ஹோட்டாமிஸ்லிகில் குழுவினர் 2004இல் காட்டினார்கள்.

அப்படியானால் திணறலுக்கான எதிர்வினையை மருந்தால் அடக்கிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. 2013இல் பெர்க்கைத் தடுக்கும் மருந்து ஒன்றை, பிரியான் மூளை நோய் கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூளை காக்கப்பட்டது, கணையம் கெட்டது. ஓர் உறுப்புக்கு மிகையாவது இன்னோர் உறுப்புக்கு உயிர்த்தேவை. நேர்மாறாக, அளவின்றிப் புரதம் சுரக்கும் மைலோமா புற்றுச்செல்களில் கழிவு வெளியேறும் வழியை அடைத்துத் திணறலைக் கூட்டுவது பயன் தருகிறது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்ட்டிசோமிப் என்ற மருந்து அந்தச் செல்களைக் கொல்லும் வழிகளில் இதுவும் ஒன்று.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வோல்காட்–ராலிசன் நோய் வருவதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வர வேண்டும். சொந்தத்தில் மணமுடித்தவர்களின் குழந்தைகளில்தான் இது அதிகம் காணப்படுகிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம் ஊர்களில் இன்னும் வழக்கில் இருக்கிறது. பிறந்து ஆறு மாதத்துக்குள் எந்தக் குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தாலும் மரபணுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்குக் காரணம் வேறாக இருக்கும். அவர்களில் பலருக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையே போதும். காரணம் பெர்க்தான் என்று தெரிந்தால், காய்ச்சல் வரும்போதெல்லாம் கல்லீரலைக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்துகொள்வார்கள்.