கடைசி இடம்
(ஆனைகட்டியில் நிகழ்ந்த சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் வென்றோரைப் பாராட்டுவதே மரபு. அவர்களைப் பாராட்ட இங்கே பலர் இருக்கின்றனர். பட்டியலின் அடியில் நின்றவர்களைப் பற்றி இரண்டு சொல் சொல்ல யாம் முன்வந்தோம்.

ஆஸ்திரேலிய நாட்டு ரக்பி லீக் போட்டியில், கடைசியாக நிற்கும் அணிக்கு 'மரக்கரண்டி' கிடைத்தது என்று சொல்வார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதச் சிறப்புத் தேர்வில் கடைசியாகத் தேறியவருக்கு மெய்யாகவே ஒரு மரக்கரண்டியைக் கொடுத்து மாணவர்கள் நகையாடியதனால் வந்த பெயர் அது. தேறியவருக்குத்தான், தவறியவருக்கு அன்று! அவ்வழக்கம் 1909ஆம் ஆண்டோடு நின்றது, பெயர் நிற்கவில்லை. கேலிக்கு ஆயுள் மிகுதி போலும்.

நமக்கு நெருங்கிய ஆட்டம் சடுகுடு. புரோ கபடி லீக் 2014ஆம் ஆண்டு தொடங்கியது. தமிழ் தலைவாஸ் அணி 2017இல் அதில் சேர்ந்தது. அவ்வாண்டு தன் பிரிவில் கடைசி. 2018இலும் கடைசி. 2019இல் பிரிவுகள் இன்றிப் பன்னிரண்டு அணிகளும் ஒரே பட்டியலில் நின்றபோது, அங்கும் பன்னிரண்டாம் இடமே கிடைத்தது. இருபத்திரண்டு ஆட்டங்களில் நான்கே வெற்றி.

வலுவற்ற அணியா அது? அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் ஆகிய மூவரும் அவ்வாண்டு ஒரே அணியில் இருந்தனர். இந்திய நாடே அறிந்த பெயர்கள். அப்படியிருந்தும் கடைசி! சடுகுடுவின் இயல்பை அறிந்தவர்க்கு இதில் வியப்பு குறைவு. பாடி வருபவனைக் கைகோத்து நிற்பவர்களே மடக்க வேண்டும். ஒருவர் அரை நொடி முந்திப் பாய்ந்தால் சங்கிலி அறுந்துவிடும். பாடி வந்தவன் இருவரையோ மூவரையோ தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு மீள்வான். ஆட்டமிழந்து வெளியே அமர்ந்தவர், எத்துணைப் பெரிய வீரராயினும், தம் தோழர் ஒருவர் எதிரணியினரை வீழ்த்தினால்தான் மீண்டும் உள்ளே வரலாம். ஏலத்தில் பெயர்களை வாங்கலாம். கோத்த கைகளை வாங்க இயலுமா?

2022இல் நடந்தது இன்னும் சுவையானது. பவன் செராவத் என்னும் வீரரை அந்நாள்வரை எவருக்கும் தராத விலையாக 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து எடுத்தனர். முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு வீழ்ந்தார். அப்பருவம் முழுதும் ஆடவில்லை. எல்லாம் முடிந்தது என்றனர் பலர். நரேந்தர் முதலான இளைஞர்களே அணியைத் தூக்கி நிறுத்தினர். அணி முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. அங்கே புனே அணியிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது.

கால்பந்துக்கு வருவோம். சோதனைச் சாவடிக்கு இப்பால் மஞ்சள் சட்டை, அப்பால் நீலச் சட்டை என்று வாழும் நமக்கு இது வீட்டுச் செய்தி. கேரளா பிளாஸ்டர்ஸ் 2014இல் இறுதி ஆட்டம்வரை சென்றது. 2015இல் எட்டு அணிகளில் எட்டாவது. 2016இல் மறுபடியும் இறுதி ஆட்டம். சென்னையின் அணியோ 2018 மார்ச்சில் கோப்பை வென்றது. அடுத்த பருவத்திலேயே பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் அடியில் கிடந்தது. 2020இல் இறுதி ஆட்டத்தில் நின்றது. இருபுறத்தாரும் ஒருவரை ஒருவர் முறைவைத்துச் சிரித்துத் தீர்த்தாயிற்று. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். எட்டாவதாய் நின்ற அந்த 2015ஆம் ஆண்டிலும் கொச்சித் திடலுக்குச் சராசரியாக 50,000 பேருக்கு மேல் வந்தனர்.

இங்கிலாந்துக் கால்பந்தில் அடியில் நின்றவர் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். யாம் கூறிய அணிகள் அடியில் நின்ற ஆண்டுகளில் இங்கே அவ்விதி இல்லை. அதனால் மீண்டெழ வழி இருந்தது. சோம்பியிருக்கவும் வழி இருந்தது. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் டெல்லி அணி 2011, 2013, 2014, 2018 என நான்கு முறை கடைசியாக நின்றதே! இடையில் 2012இல் லீக் சுற்றில் முதலிடம் வேறு. ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸும் 2025இல் பத்தாவதாக நின்றதை இங்குள்ள பிள்ளைகள் இன்னும் வாய்விட்டுச் சொல்ல மறுக்கின்றனர்.

இனி நம் காலனிச் செய்தி. சங்கத்தின் சடுகுடுப் போட்டியில் இவ்வாண்டு ஐந்தாவதாக, அதாவது கடைசியாக, நின்ற அணியைக் கலைத்துவிடப் போவதாகக் கேள்வியுற்றோம். ஆட்டக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். நான்கு ஆட்டங்களிலும் தோல்விதான். அவற்றுள் மூன்று ஏழு புள்ளிகளுக்கு உட்பட்டவை. புரோ கபடியில் 2024ஆம் ஆண்டுப் பருவம் வரை ஏழோ அதற்குக் குறைவாகவோ தோற்றவர்க்கும் ஒரு மதிப்பெண் இருந்தது. நம் விதியில் அது இல்லை. வரும் ஆண்டு முதல் அதைச் சேர்க்குமாறு செயற்குழுவைக் கேட்டோம், இசைந்துள்ளனர். பெயர் கொடுக்கத் தை மாத இறுதிவரை காலம் உண்டு. அவ்வணியின் தாளில் ஏழு பெயர்கள் இருக்க வேண்டும். நேற்று மாலை பார்த்தபோது ஐந்து இருந்தன.