ஆன்-ரோடு விலைக்குள்ளே என்னதான் இருக்கு?

இன்னைக்கு எந்த கார் வாங்கலாம்னு பேசப்போறது இல்லை. அதுக்கு யூடியூப்ல நிறைய பேர் இருக்காங்க. காரை முடிவு பண்ணின பிறகு ஷோரூம்ல ஒரு பேப்பர் கொடுப்பாங்களே, கொட்டேஷன், அந்த ஒரு பக்கத்தைப் பத்தி மட்டும்தான் இந்த எபிசோட்.

என் டீம்மேட் ஒருத்தன் வாட்ஸ்அப்ல அப்படி ஒரு பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினான். நாலு மீட்டருக்குள் அடங்குற பெட்ரோல் கார், சென்னை ஷோரூம். எக்ஸ்-ஷோரூம் விலை 9,80,000. அடியில் ஆன்-ரோடு விலை 12,38,500. கூடவே ஒரு மெசேஜ்: "மச்சி, 40 ஆயிரம் லோன் கூடப் போட்டுக்கட்டுமா?" 12 லட்சத்தைத் தாண்டக்கூடாதுங்கிறதுதான் அவன் கணக்கு. ஜூன்ல தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், அதுக்கு எடுத்து வெச்ச பணத்துல கை வைக்கக்கூடாது. "வரி எல்லாம் சேர்ந்து இவ்வளவு ஆகும்போல"ன்னு அவனே சமாதானமும் சொல்லிக்கிட்டான்.

இல்லை. 9.80-க்கும் 12.38-க்கும் நடுவில் இருக்கிற 2,58,500 ரூபாயில் ஏறக்குறைய பாதிதான் வரி. மத்ததை வரிவரியாப் பார்க்கணும். நாங்க கோட் ரிவ்யூ பண்ற மாதிரி உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான்: இந்தப் பணம் யாருக்குப் போகுது?

முதல்ல அரசாங்கத்துக்குப் போறது. தமிழ்நாட்டில் புது காருக்கு ஆயுள் வரி, அதாவது லைஃப் டாக்ஸ், 2023 நவம்பரில் மாறியது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதுக்கு மேல 20. அவன் காருக்கு 13 சதவீதம், 1,27,400. இதில் பேரம் கிடையாது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கு. ஷோரூம் எக்ஸிக்யூட்டிவ் அவனிடம், "சார், இன்னும் 40 ஆயிரம் போட்டா அடுத்த வேரியண்ட், சன்ரூஃப் வந்துடும்" என்று சொல்லியிருந்தார். அப்போது விலை 10,20,000. இந்த வரி வருமான வரி ஸ்லாப் மாதிரி இல்லை. 10 லட்சத்துக்கு மேல் உள்ள 20 ஆயிரத்துக்கு மட்டும் 18 சதவீதம் போட மாட்டார்கள், முழு விலைக்கும் போடுவார்கள். அப்போ வரி 1,83,600. 56,200 ரூபாய் அதிகம். அதோட 10 லட்சத்தைத் தாண்டின காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். வேற பிடிப்பாங்க, அது 10,200. ஆக, "40 ஆயிரம்தான் சார்" என்ற சன்ரூஃபுக்குக் கையிலிருந்து போவது 1,06,400! அந்த எக்ஸிக்யூட்டிவ் பொய் எதுவும் சொல்லவில்லை. எக்ஸ்-ஷோரூம் வித்தியாசத்தை மட்டும் சொன்னார், அவ்வளவுதான்.

டி.சி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. 2016-லிருந்தே இருக்கிற இது தனி வரி இல்லை. உங்க பான் எண்ணில் முன்கூட்டியே கட்டின வருமான வரி. ஃபார்ம் 26ஏஎஸ்-ல் தெரியும், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், இல்லைன்னா ரீஃபண்டா வரும். சரியான பான் எண்ணைக் கொடுத்திருக்கீங்களான்னு மட்டும் பாருங்க. காரை அப்பா பேரில் வாங்கி உங்க பான் கொடுத்தா குழப்பம்தான்.

அடுத்து, "ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜஸ் 9,500" என்று ஒரு வரி. சொந்தக் காருக்கு மத்திய மோட்டார் வாகன விதிப்படி பதிவுக் கட்டணம் 600 ரூபாய். லோன் இருந்தால் ஹைப்போதிகேஷன் பதிவுக்கு 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. சாலைப் பாதுகாப்பு வரி என்று மாநில அரசுக்கு ஒரு சின்ன தொகையும் சேரும். இதெல்லாம் கூட்டினாலும் 9,500 வராது. மீதி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையைச் செய்துகொடுக்க டீலர் வாங்கும் கூலி. கூலி வாங்குவது தப்பில்லை, அதை அரசுக் கட்டணம் மாதிரி எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "அரசாங்க ரசீது எவ்வளவுக்கு வருதோ அதைக் கொடுக்கிறோம், உங்க சர்வீஸ் சார்ஜ் எவ்வளவுன்னு தனியா எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டான். 5,000 ஆனது.

இப்போ இன்சூரன்ஸ். 52,000 என்று போட்டிருந்தது. நிதானமாப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். புது காருக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து. அதன் பிரீமியத்தை அரசாங்கம் நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒரே விலை. 1,000 முதல் 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு 10,640, ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் 12,555. அப்போ மீதி 39 ஆயிரத்துச் சொச்சம் சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜும் ஆட்-ஆன்களும். கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது இந்தப் பகுதிதான். இதை டீலரிடமே வாங்கணும்னு கட்டாயப்படுத்தக்கூடாது என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி.

வெளியில் விலை கேட்கும்போது ஐ.டி.வி. ஒன்றாக இருக்கணும். காரின் காப்பீட்டு மதிப்பு அது, புது காருக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம். இவனுக்கு 9,31,000. அதைக் குறைச்சுப் போட்டு பிரீமியம் கம்மின்னு காட்டினா ஏமாந்துடாதீங்க. பைக் பாலிசியில் ஏற்கெனவே 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருந்தால், காருக்கு இன்னொன்று தேவையில்லை. சாவி தொலைந்தால் கவர், டயர் கவர், இதெல்லாம் உங்க இஷ்டம். ஆனால் சென்னையில் இருந்துகொண்டு எஞ்சின் புரொடெக்ட்டை மட்டும் வெட்டாதீங்க. வெள்ளத்தில் கார் மூழ்கினால் சாதா பாலிசியே பணம் தரும், சரி. தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணப்போய் எஞ்சினுக்குள் தண்ணி போனால், அந்தச் செலவுக்கு இந்த ஆட்-ஆன் இருந்தால்தான் ஆச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

அதே ஐ.டி.வி., வேண்டிய ஆட்-ஆன்களோடு வெளியில் அவனுக்கு 38,000-க்குக் கிடைத்தது. ஷோரூமில் உடனே இரண்டு பதில் வந்தது. ஒன்று, "வெளியில எடுத்தா நம்ம வொர்க்‌ஷாப்ல கேஷ்லெஸ் வராது சார்". அது அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் அந்த வொர்க்‌ஷாப் இருக்கா என்பதைப் பொறுத்தது, கம்பெனியிடமே கேட்டுக்கலாம். இரண்டாவது, "அப்படின்னா டிஸ்கவுண்ட் கிடையாது". இதுக்குக் கோபப்படக் கூடாது. டிஸ்கவுண்டோடு மொத்தம் எவ்வளவு, இல்லாமல் மொத்தம் எவ்வளவுன்னு இரண்டு கொட்டேஷன் வாங்கி அடியில் உள்ள நம்பரை மட்டும் ஒப்பிடணும். அவன் அந்த 38,000 பேப்பரைக் காட்டினான், டீலரே அந்த விலைக்கு இறங்கி வந்தார்.

மிச்ச வரிகள் எல்லாம் டீலருடையவை. ஹேண்ட்லிங் சார்ஜ் 9,000. கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவந்த செலவாம். எக்ஸ்-ஷோரூம் என்ற பெயரிலேயே பதில் இருக்கே! காரை ஷோரூமில் வைத்துக் கொடுக்கும் விலைதானே அது? எழுதிக் கேட்டதும் போய்விட்டது. பெயிண்ட் கோட்டிங் 14,000, வேண்டாம் என்றான். ஆக்ஸசரிஸ் கிட் 28,000-இல் மேட், மட் ஃப்ளாப் போன்றவை மட்டும் போதும் என்று 6,500-க்கு முடித்தான். எக்ஸ்டெண்டட் வாரண்டி 18,000, அதை நானே வெச்சுக்கோன்னு சொன்னேன். மாசம் ஒருமுறை திருநெல்வேலி போய் வருபவனுக்கு அது வீண் செலவு இல்லை. ஃபாஸ்டேக் 600, விடுங்க.

இவ்வளவுக்கும் அந்த எக்ஸிக்யூட்டிவ் கெட்டவர் இல்லை. காரில் டீலருக்குக் கிடைக்கும் மார்ஜின் சின்னது. இன்சூரன்ஸ், லோன், ஆக்ஸசரிஸ், இதில்தான் அவங்க பொழப்பு ஓடுது. மரியாதையாக் கேளுங்க, ஆனா கேளுங்க.

எப்போ கேட்கணும் என்பதுதான் முக்கியம். புக்கிங் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி. ஆயுத பூஜைக்கு டெலிவரி, வீட்டில் எல்லாரும் புதுத்துணி போட்டு வந்தாச்சு, மாலை ரெடி, அந்த நேரத்தில் "சார், ஒரு 8,000 பேலன்ஸ் இருக்கு" என்றால் யாருக்கு வாய் வரும்? அம்மாவே "குடுத்துடுப்பா, நல்ல நாளும் அதுவுமா"ன்னு சொல்லுவாங்க. அதனால ஒவ்வொரு வரியும் பிரிச்சு எழுதின கொட்டேஷன் மெயிலில் வரணும். கேன்சல் பண்ணினால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரும்னு புக்கிங் ஃபார்மிலேயே இருக்கணும். பணம் டீலர்ஷிப் கணக்குக்கு மட்டும், யாருடைய சொந்த ஜி-பே எண்ணுக்கும் இல்லை. பதிவுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பரை வெச்சு வண்டி எந்த மாசம் தயாரானதுன்னும் பார்த்துடுங்க. ரெஜிஸ்டர் ஆயிட்டா அது உங்க வண்டி.

லோன் பற்றிச் சுருக்கமா. "7 பெர்சன்ட்தான் சார்" என்றால் ஃப்ளாட்டா, ரெட்யூஸிங்கான்னு கேளுங்க. 6 லட்சத்துக்கு ஐந்து வருஷம் 7 சதவீதம் ஃப்ளாட் என்றால் இ.எம்.ஐ. 13,500. அது ரெட்யூஸிங் கணக்கில் கிட்டத்தட்ட 12.5 சதவீதம். 2024 அக்டோபரிலிருந்து லோன் கொடுப்பவர்கள் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்று ஒரு தாள் தரணும். அதில் ஏ.பி.ஆர். இருக்கும், பிராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்த உண்மையான வட்டி. கையெழுத்துப் போடும் முன்னாடி அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க. முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்பதையும் அப்பவே பார்த்துடுங்க.

என் டீம்மேட் கடைசியாக் கட்டினது 11,75,500. முதல் பேப்பரைவிட 63,000 குறைவு. அதே கார், அதே கலர், சன்ரூஃப் இல்லை. டெலிவரிக்கு அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனி சைட்டில் பாலிசி நம்பரையும், பரிவாஹன் சைட்டில் வரி ரசீதையும் சரிபார்த்துட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். உங்ககிட்ட இப்போ ஒரு கொட்டேஷன் இருந்தா, பேரையும் போன் நம்பரையும் மறைச்சுட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல இரண்டு, மூணு எடுத்து வரிவரியாப் பார்ப்போம்.