கிணறு அமைத்தால் மட்டும் போதுமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மறைந்த பெற்றோருக்கு நன்மை சேர வேண்டும் என்று நாடி, ஊருக்குக் குழாய்க் கிணறு அமைத்துக் கொடுப்பது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். அதனை ஸதகத்துல் ஜாரியா, நிலையான தர்மம் என்கிறோம். நிய்யத் தூய்மையானது, தண்ணீரும் வந்துவிட்டது. அத்துடன் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? பங்களாதேஷ் மக்கள் பட்ட துன்பத்தை அறிந்தால், முடியவில்லை என்பது விளங்கும்.

அந்நாட்டில் குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் பெருமளவில் மடிந்தனர். ஆகவே 1970களில் அரசும் யுனிசெஃப் நிறுவனமும் ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை அமைக்கத் தொடங்கின. பின்னர் மக்களே தம் வீட்டு முற்றங்களில் இலட்சக்கணக்கில் அமைத்துக்கொண்டனர். நோக்கம் உயர்ந்தது. ஆனால் அந்த நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு உண்டா என எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

தண்ணீரின் நிலையை நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றைக் கொண்டு அறிய வேண்டும் என நாம் மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடத்தில் ஓதியிருக்கிறோம். ஆர்சனிக் இம்மூன்றில் எதனையும் மாற்றுவதில்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. ஆண்டுகள் பல கடந்த பின்னரே தோலில் புள்ளிகளும், உள்ளங்கையில் தடிப்புகளும், பிறகு புற்றுநோயும் தோன்றும். இதனைக் கண்ணால் கண்டறிய இயலாது; ஆய்வுக்கூடமே கண்டறியும்.

1983-இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்காளக் கிராமத்தவரிடம் இந்நோயை அடையாளம் கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகச் சென்று நீரைச் சோதித்து, ஆபத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். பங்களாதேஷில் 1993-இல் இந்நஞ்சு கண்டறியப்பட்டது. பின்னர் அங்கே சுமார் 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகள் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமை மீறியிருந்தன. உலக சுகாதார அமைப்பின் வரம்போ 10 மைக்ரோகிராம்தான்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், டாக்கா பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து 2000-ஆம் ஆண்டில் அரைஹஜார் பகுதியில் சுமார் 6,000 கிணறுகளைச் சோதித்தனர். ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாக இருக்க, சற்றுத் தொலைவிலுள்ள அண்டை வீட்டுக் கிணறு நல்ல நீர் தருவதைக் கண்டனர். விவரம் எடுத்துரைக்கப்பட்டதும், நஞ்சுக் கிணற்றைப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேறு கிணற்றுக்கு மாறினர். ஆய்வு வழிகாட்டியது, அண்டை வீட்டார் வாசலைத் திறந்தனர். இரண்டும் சேர்ந்தே உயிர்களைக் காத்தன. அதே பகுதியில் சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010-இல் வெளியானது. அம்மக்களிடையே நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஆர்சனிக் நீர் காரணமாயிருக்கலாம் என அது கூறிற்று.

துன்பம் உடலோடு நிற்கவில்லை. தோல் புள்ளிகளைத் தொழுநோய் என எண்ணிப் பலரை ஒதுக்கினர். பெண்களின் திருமணங்கள் தடைப்பட்டன. இது தொற்றுநோயன்று என்று தெளிவுபடுத்தியதும் ஆய்வாளர்கள் செய்த தொண்டேயாகும்.

குஷ்டியாவில் பிறந்து, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரான அபுல் ஹுஸாம் அவர்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். மணல், இரும்புக் கலவை, கரி, செங்கல் துண்டுகள் கொண்டு இரு வாளிகளில் அமைந்த எளிய வடிகட்டியை அவர் உருவாக்கினார். அதற்காக 2007-இல் கிடைத்த 10 இலட்சம் டாலர் பரிசில் பெரும்பகுதியை, ஏழைகளுக்கு வடிகட்டி வழங்கவே அளித்தார். கல்வியும் ஈகையும் ஒரு மனிதரிடம் ஒன்றுசேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அவர் சான்று. எனினும், அந்நாட்டில் இத்துன்பம் இன்றும் முற்றாக நீங்கவில்லை.

அன்பர்களே! நம் தமிழகத்தில் தருமபுரிப் பகுதியின் நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததை அறிவோம். ஆகவே இனி நம் ஜமாஅத் சார்பில் கிணறு அமைக்கப்படுமானால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நீரைச் சோதித்த பின்னரே மக்களுக்குத் திறந்துவிடுவோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதிப்போம். அச்செலவையும் தர்மத்தின் ஒரு பகுதியாகவே கருதுவோம். நம் பிள்ளைகளுள் வேதியியலும் நிலவியலும் பயில விரும்புவோருக்கு, ‘இதனால் என்ன வருமானம்?’ என்று கேட்டுத் தடைபோடாதிருப்போம்.

தாகம் தீர்க்கும் தர்மம் எவருக்கும் தீங்காக முடியாதிருக்க, நல்ல நிய்யத்தோடு நல்ல அறிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.